ஆயில் மாற்ற ஷோரூமா, வீட்டு வாசலா?

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷோரூமுக்கே போங்கள். மாருதி 2024 ஜூலையிலிருந்து 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. நாளைக்கு எஞ்சினில் ஏதாவது ஆனால் கம்பெனிக்காரர்கள் முதலில் புரட்டுவது சர்வீஸ் ரெக்கார்டைத்தான், அதில் ஒன்று விட்டுப்போயிருந்தால் பிடித்த மிச்சமெல்லாம் போச்சு. தவிர ஆரம்ப சர்வீஸ்களுக்கு லேபர் இலவசம்.

வாரண்டி முடிந்த வண்டியா, அப்போது பில்லை எடுத்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர் விலையை விட எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசிக்கு ஸ்ப்ரே என்று கேட்காமலே ஏறியதுதான் கண்ணை உறுத்தும். காசுதான் பிரச்சினை என்றால் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் அடித்து நீக்கச் சொன்னாலே போதும், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. வீட்டில் மாற்றுவதன் உண்மையான லாபம், என்ன ஆயில், எவ்வளவு உள்ளே போனது என்பது உங்களுக்கே தெரியும் என்பது.

2018-லிருந்து 2024 புது மாடல் வரும்வரை விற்ற பெட்ரோல் ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். 1.2 கே சீரிஸ் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும், கடையில் 3.5 லிட்டர் கேன் கிடைக்கும். ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் கிரேடு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது, அதையே வாங்குங்கள். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது" என்று 20டபிள்யூ-40-ஐ நீட்டுபவர் இருப்பார், தலையாட்டிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள். ஃபில்டரும், பழைய ஆயிலை அடியில் இறக்கிவிடும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர்தான், தூக்காமல் வேலை நடக்காது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு கட்டாயம் வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம், சரியா?

எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் ட்ரெயின் போல்ட்டை எந்தப் பக்கம் திருகுவது என்றே குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. ஸ்பானரால் இளக்கிவிட்டு மீதியைக் கையால், மேலே அழுத்தியபடியே திருகி, கடைசி மரையில் சட்டென்று இழுத்துவிடுங்கள். ஆயில் முதலில் எட்டிப் பாயும், அழுத்தம் குறையக் குறையக் கிட்டே வந்து விழும், அதனால் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டியிருக்கும்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள், இது முக்கியம். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புது ஃபில்டரை முறுக்கினால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் பூராவும் தரையில்தான். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டது தெரிந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டையும் முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். பலம் காட்டி மரை போய்விட்டால் ஷோரூம் பில்லே தேவலை என்றாகிவிடும்.

முதலில் 2.8 லிட்டர் ஊற்றுங்கள். ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அடியில் கசிவு இல்லையென்று பார்த்து, அணைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, ஐந்து நிமிஷம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் குறிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்.

அப்புறம் பழைய ஆயில். சாக்கடையில் கொட்டாதீர்கள், சட்டப்படியே அது அபாயகரமான கழிவு. காலியான கேனில் ஊற்றி, பேரலில் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.