பழவேற்காட்டில் கடற்காகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் தடா ஆந்திரத்தில் இருக்கிறது, பழவேற்காட்டு முகத்துவாரம் தமிழ்நாட்டில். பறவைகளுக்கு இரண்டும் ஒரே ஏரிதான். சூலூர்பேட்டை - ஸ்ரீஹரிக்கோட்டா ரோட்டில் பூநாரைக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள், படகின் பின்னால் கத்திக்கொண்டு வரும் கடற்காகத்தை (gull) கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

1. அக்டோபர் கடைசியிலிருந்து போகலாம். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் வேண்டாம்.

2. காலையில் மீன் இறக்கும் துறையில் நில்லுங்கள், வெயில் முதுகில் படும்படி. வலை உதறும்போது சிதறும் பொடிமீனுக்கு அவையே வரும். அப்புறம் துறையில் யாரிடமாவது, "அண்ணா, வத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். தண்ணீர் வற்றும்போது மணல்திட்டில் கூட்டமாக உட்காரும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும்.

3. பார்க்கக் கடற்காகம் போலவே இருக்கும் ஆலாவை (tern) பிரித்துவிடுங்கள். ஒல்லி உடம்பு, பெரும்பாலும் பிளந்த வால். கடற்காகம் கொஞ்சம் தடி, சாவகாசமாகத் தண்ணீரில் மிதக்கும்.

4. இனி குழப்பமான இடம். முதல் வருடம் நான் பழுப்புத் தலையைத் தேடித் தேடி, ஒன்றுகூட இல்லை என்று வீடு திரும்பினேன். எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தன! குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டுதான் மிஞ்சும். இன்னொரு இனமான கருந்தலைக் கடற்காகத்துக்கும் இதே கதை. அதனால் தலையை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள். நுனி அகலக் கறுப்பாக, அதற்குள் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பழுப்புத்தலை. இறக்கையின் முன்விளிம்பு நீளமாக வெள்ளையடித்தாற்போல் இருந்தால் கருந்தலை. கிட்டத்தில் நின்றால் கண்ணும் சொல்லிவிடும்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கறுப்புக் கண். இறக்கையில் பழுப்புத் திட்டு உள்ளவை இளசுகள். சரி, இந்த வருடம் அவற்றை விட்டுவிடுங்கள்.

5. தேதி, நேரம், தோராய எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். போட்டோவுக்காகப் பிள்ளைகளை ஓடவிட்டுக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். மிக்சர் போடவும் வேண்டாம்.

6. மார்ச்சில் அதே துறைக்கு இன்னொரு தடவை போங்கள். பாதித் தலைக்குச் சாயம் ஏறிய பறவை ஒன்றாவது படகு விளிம்பில் உட்கார்ந்திருக்கும்.