ஸ்ட்ரெயிட் பூலில் முறை மாறுவது நியாயமா? நீங்களே படிப்படியாகச் சரிபார்க்கலாம்

மேசையில் கோலால் பந்தடித்துப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டங்களில் ஒன்றான ஸ்ட்ரெயிட் பூலை ஆடத் தொடங்கிய யாருக்கும் சீக்கிரமே ஒரு மனக்குறை வரும். எதிராளி ஆடிக்கொண்டே இருப்பார், நாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்போம். எனக்கு அது வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 100 புள்ளி ஆட்டம். நான் 31, அவர் 44. ஓரத்துப் பாக்கெட்டுக்கு ஒரு மெல்லிய வெட்டு, அதாவது பந்தின் விளிம்பை மட்டும் உரசும் அடி, அடித்தேன். பந்து பாக்கெட்டின் வாயில் ஆடி ஆடி நின்றுவிட்டது. போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவர் 56 பந்துகளை வரிசையாகப் போட்டு ஆட்டத்தை முடித்தார். கையிலிருந்த சாக் கட்டியைத் திருகித் திருகி என் விரலெல்லாம் நீலம்.

விதியில்தான் கோளாறு என்று அன்று நினைத்தேன். அது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு பேனா, ஒரு தாள், ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: முறை எப்போது முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி. எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று சொல்லி அடிக்க வேண்டும். சொன்னபடி விழுந்தால் தொடர்ந்து ஆடலாம். தவறினாலோ, ஃபவுல் செய்தாலோ, 'சேஃப்டி' (எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி ஆடும் தற்காப்பு அடி) என்று அறிவித்து ஆடினாலோ முறை எதிராளிக்குப் போகும். கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. காய் விழுந்துகொண்டே இருக்கும்வரை ஸ்ட்ரைக்கர் நம் கையில்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கேரம் பலகையில் காய்கள் தீர்ந்துவிடும், இங்கே தீராது. 14 பந்துகள் விழுந்ததும் பதினைந்தாவதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற பதினான்கையும் முக்கோணச் சட்டத்தில் அடுக்குவார்கள். முனைப் பந்தின் இடம் மட்டும் காலியாக இருக்கும். ஆடுபவர் அந்தத் தனிப் பந்தைப் பாக்கெட்டில் போட்டு, அதே அடியில் வெள்ளைப் பந்தை அடுக்கின் மேல் மோதவிட்டுக் கலைப்பார். அவர் முறை அப்படியே தொடரும்.

'ஒரு ரேக் (ஒரு தடவை அடுக்கிய பந்துகள்) முடிந்ததும் முறையை மாற்றினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1888க்கு முன் போட்டிகளில் பந்தின் மேலுள்ள எண்தான் புள்ளி. 1 முதல் 15 வரை கூட்டினால் 120, அதில் 61 எடுத்தவர் ஜெயித்தார். பெரிய எண் பந்துகள் யாருக்கு வாகாக அமைகின்றனவோ அவருக்கே லாபம். அது நியாயமில்லை என்றுதான் பந்துக்கு ஒரு புள்ளி என்று மாற்றி, கணக்கை ரேக்குக்கு ரேக் தொடரவும் விட்டார்கள். ஆனால் அப்போது கடைசிப் பந்தைப் போட்டவரே அடுத்த முழு அடுக்கையும் உடைக்க வேண்டியிருந்தது. நெருக்கமாக அடுக்கிய 15 பந்துகளிலிருந்து ஒன்றைச் சொல்லிப் போடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நன்றாக ஆடியதற்குப் பரிசு, கையிலிருந்த முறையை இழப்பது என்றாகிவிட்டது. ஜெரோம் கியோ என்ற ஆட்டக்காரர் 1910 வாக்கில், கடைசிப் பந்தை மேசையிலேயே விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். 1912 முதல் சாம்பியன்ஷிப் ஆட்டங்களே அப்படி நடக்கத் தொடங்கின. நம்மை நாற்காலியில் உட்கார வைக்கும் விதி, வேறொரு அநியாயத்தைச் சரிசெய்யப் பிறந்தது.

படி 2: முதல் முறை யாருக்கு என்பதை லேக் அடித்து முடிவு செய்யுங்கள்

இருவரும் மேசையின் இந்தப் பக்கக் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஆளுக்கொரு பந்தை எதிர்க் குஷனுக்கு (மேசையின் ரப்பர் விளிம்புக்கு) அடிக்க வேண்டும். திரும்பி வந்து இந்தப் பக்கக் குஷனுக்கு யார் பந்து நெருக்கமாக நிற்கிறதோ அவர் ஜெயித்தார், யார் தொடங்குவது என்பதை அவர் சொல்லலாம். இதில் ஜெயித்தவர் பெரும்பாலும் 'நீங்களே உடையுங்கள்' என்பார். நைன் பால் என்ற இன்னொரு பூல் ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், அங்கே பிரேக், அதாவது அடுக்கை உடைக்கும் முதல் அடி, ஒரு வரம்.

இங்கே அது சுமை. சொன்ன பந்தைப் போட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் பந்தும் வேறு இரண்டு பந்துகளும் குஷனைத் தொட வேண்டும். தவறினால் 2 புள்ளி கழியும். எதிராளி விரும்பினால் மறுபடியும் உங்களையே உடைக்கச் சொல்லலாம். அதனால் பின்வரிசையின் மூலைப் பந்தை லேசாக உரசி, இரண்டு பந்துகளைக் குஷன்வரை போய்வரச் செய்து, வெள்ளைப் பந்தை மேசையின் மறுகோடிக்கு அனுப்புவதுதான் நல்ல பிரேக். கணக்கில் முதல் முறை உடைத்தவருடையது, ஆனால் முதல் உண்மையான வாய்ப்பு பெரும்பாலும் அடுத்தவருக்குத்தான் கிடைக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: ஒவ்வொரு முறையையும் எழுதுங்கள்

மொத்தப் புள்ளியை மட்டும் எழுதுவது எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு பத்திகள் போட்டு, ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி எழுதுங்கள். விழுந்த பந்துகளின் எண்ணிக்கை, பக்கத்தில் முறை எப்படி முடிந்தது என்பதற்கு ஓரெழுத்து. தவறியதற்கு 'த', ஃபவுலுக்கு 'ஃப', சேஃப்டிக்கு 'சே'.

அன்றைய என் தாளை வீட்டில் விரித்துப் பார்த்தேன். நான்தான் உடைத்திருந்தேன். எனக்கு 11 முறைகள், அவருக்கும் 11. நான் முதலில் ஆடியதால் அவருடைய பதினொன்றாவது முறைக்கு முன்பே என் பதினொன்றாவது முடிந்திருந்தது. எண்ணிக்கையில் விதி என்னிடமிருந்து ஒன்றையும் பறிக்கவில்லை. என் பத்தியில் மட்டும் 'த' எட்டு இருந்தது, அவருடையதில் நான்கு. மற்ற முறைகளில் பெரும்பாலானவற்றை அவர் சேஃப்டியில் முடித்து, எனக்கு ஒரு பந்தும் தெரியாதபடி மேசையைக் கொடுத்திருந்தார். நானோ தவறிய ஒவ்வொரு முறையும் திறந்த மேசையை அவர் கையில் கொடுத்திருந்தேன். கடைசியாக நான் அடித்த அந்த மெல்லிய வெட்டையும் சேஃப்டியாக ஆடியிருக்க வேண்டும். ஸ்ட்ரெயிட் பூலில் முறைகளை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையின் முடிவிலும் என்ன கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

படி 4: தொடங்குபவருக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கிடுங்கள்

முதலில் உங்கள் குறி எவ்வளவு நம்பகமானது என்று பாருங்கள். விழுந்த பந்துகளை, விழுந்தவை, தவறியவை இரண்டும் சேர்ந்த எண்ணால் வகுங்கள். 60 விழுந்து 15 தவறியிருந்தால் 60/75, அதாவது 0.8. சேஃப்டியைத் தவறிய அடியாகச் சேர்க்காதீர்கள்.

இப்போது சம திறமையுள்ள இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தனித்தனியாக இலக்கை எட்டும்வரை ஆடுகிறார்கள், எத்தனையாவது முறையில் எட்டினார்கள் என்று குறிக்கிறோம். ஒருவர் 9, மற்றவர் 12 என்றால் யார் முதலில் தொடங்கினார் என்பதால் எதுவும் மாறாது. இருவரும் அதே எண்ணுள்ள முறையில் எட்டினால் மட்டும் முதலில் தொடங்கியவர் ஜெயிப்பார். ஆக, அவருடைய கூடுதல் லாபம் அப்படி ஒரே எண்ணில் முடியும் வாய்ப்பில் சரிபாதி. அவ்வளவுதான் சூத்திரம்.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். 100 புள்ளி ஆட்டத்தில் குறி 0.8 என்றால் முதலில் தொடங்கியவர் நூற்றுக்கு ஏறக்குறைய 52 அல்லது 53 ஆட்டங்களை வெல்வார். 0.9 என்றால் 54. 0.97 என்றால் 58. கை தேறத் தேற, யார் முதலில் என்பது பெரிதாகிறது. ஆட்டம் சுருங்கினாலும் அப்படியே. 0.9 குறியுள்ளவர்கள் 25 புள்ளிக்கு ஆடினால் அங்கேயும் 58 பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் 0.6 குறியில் இருக்கும் புதியவர்கள் அதே 25 புள்ளிக்கு ஆடினால் 53தான். ஆடக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் யார் முதலில் என்று சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கணக்கில் சேஃப்டி ஆட்டமும் பிரேக்கும் சேரவில்லை. ஆகவே 'முதலில் தொடங்கியவர்' என்பதை, திறந்த மேசை முதலில் கிடைத்தவர் என்று படியுங்கள்.

மேலே போகப் போக நிலைமை எப்படி மாறும் என்பதற்கு இன்னொரு எண். 0.9 குறி உள்ளவர் ஒரே மூச்சில் 100 பந்துகள் போடுவது ஏறக்குறைய 37,600 முயற்சிகளில் ஒரு முறை. 0.97 உள்ளவர் நூற்றுக்கு 5 முறை போட்டுவிடுவார். வில்லி மாஸ்கோனி 1954இல் ஒரு காட்சி ஆட்டத்தில் வரிசையாக 526 போட்டார். ஜான் ஷ்மிட் 2019இல் 626, ஜேசன் ஷா 2022இல் 714. இப்படிப்பட்ட கைகளுக்கு எதிரே ஒரு தவறான அடி என்பது ஆட்டத்தையே தாரைவார்ப்பது.

படி 5: ஃபவுல் பரிமாற்றத்தைக் கவனியுங்கள்

முறை மாறும் வரிசை உண்மையிலேயே கடிக்கும் இடம் இதுதான். புதியவர்கள் அதிகம் கவனிக்காத இடமும் இதுதான்.

ஒரு ஃபவுலுக்கு 1 புள்ளிதான் கழியும். வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழாதவரை எதிராளி அது கிடக்கும் இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆகவே வெள்ளை அடுக்கில் ஒட்டிக்கிடந்தால், அதைச் சும்மா லேசாகத் தொட்டு ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு, அந்தச் சங்கடத்தை எதிராளியிடம் தள்ளலாம். அவரும் அதையே செய்வார். இது முடிவில்லாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் ஒருவரே தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் கூடுதலாக 15 கழியும் என்ற விதி. மூன்றாவதற்கான 1 புள்ளியையும் சேர்த்தால் 16. அப்புறம் பதினைந்து பந்துகளையும் அடுக்கி, தவறு செய்தவரே மறுபடியும் உடைக்க வேண்டும்.

வரிசையைப் பாருங்கள். நான் தொடங்குகிறேன், எனக்கு ஒன்று. அவருக்கு ஒன்று. எனக்கு இரண்டு. அவருக்கு இரண்டு. இப்போது முறை என்னுடையது. ஒழுங்கான அடி அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 16 போகும். பரிமாற்றத்தைத் தொடங்கியவருக்கே முதலில் கத்தி கழுத்துக்கு வருகிறது. இதை நான் விதியின் மிக நியாயமான பகுதி என்பேன். தப்பிக்க எளிய வழியை முதலில் எடுத்தவர்தான் முதலில் விலை கொடுக்கிறார். இரண்டு ஃபவுலில் இருப்பவரை அவர் அடிப்பதற்கு முன் எச்சரிப்பதும் கட்டாயம். நண்பர்களுக்குள் ஆடும்போதும் இதை விட்டுவிடாதீர்கள்.

படி 6: திருத்தம் தேவையென்றால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்

ஒருவர் இத்தனை பந்துகளுக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது என்று வரம்பு வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கற்றுக்கொடுக்கும்போது வைத்துக்கொள்ளலாம். போட்டியில் வேண்டாம். நீளமான ரன்னுக்காகத்தான் (ஒரே முறையில் வரிசையாகப் பந்துகளைப் போடுவதற்காகத்தான்) இந்த ஆட்டமே இருக்கிறது, கியோவின் அந்த ஒற்றைப் பந்தும் அதற்காகத்தான். திறமையில் பெரிய வித்தியாசம் இருந்தால் இலக்கை மாற்றுங்கள்: ஒருவருக்கு 100, மற்றவருக்கு 60. காத்திருப்பதுதான் தொல்லை என்றால் அடிக்கு இத்தனை நொடி என்று வையுங்கள். பல ஆட்டங்கள் ஆடுகிறீர்கள் என்றால் உடைப்பவரை மாற்றி மாற்றி வையுங்கள்.

சமமான, நன்றாக ஆடும் இரண்டு பேருக்கு நான் பரிந்துரைப்பது சமன் முறை. மூன்று குஷன் கேரம் பில்லியர்ட்ஸில் இது பழைய வழக்கம். முதலில் தொடங்கியவர் இலக்கை எட்டினால், மற்றவருக்கும் ஒரு கடைசி முறை உண்டு, அதை அவர் ஆட்டத்தின் தொடக்க நிலையிலிருந்து ஆடுவார். இதை அப்படியே ஸ்ட்ரெயிட் பூலுக்குக் கொண்டுவந்தால் பயனில்லை. இங்கே தொடக்க நிலை முழு அடுக்கு, அதிலிருந்து ரன் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 14 பந்துகளை முனை காலியாக அடுக்குங்கள். பதினைந்தாவதை அடுக்கின் பக்கவாட்டில், அடுக்குக்கும் நீளக் குஷனுக்கும் நடுவே, ஆட்டத்துக்கு முன்பே இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில் வையுங்கள். இடத்தைப் பேசி வைத்தால் மறந்துவிடும், துணியில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்து அளந்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்தை ஆடுபவர் விரும்பிய இடத்தில் வைக்கலாம். அவர் விட்ட புள்ளிகளை அந்த ஒரே முறையில் பிடித்துவிட்டால் ஆட்டம் சமன். சமனை உடைக்க இருவரும் அதே நிலையிலிருந்து ஆளுக்கொரு ரன் ஆட வேண்டும். இந்தத் தடவை, முதலில் ஆட்டத்தைத் தொடங்கியவர் இரண்டாவதாக ஆடுவார்.