பெண் பிள்ளையிடம் ‘அடக்கமா இரு’ என்று சொல்வதற்கு முன்

என் மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. ஒரே மாதத்தில் இரண்டு முறை காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமலும் இல்லை. மலைக் குளிர்தான் என்று நினைத்து, மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்து, காதை மூடித் துணி கட்டி இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கிருமித் தொற்று. “பாடசாலையில் மலசலகூடம் போகிறாளா?” என்று டாக்டர் கேட்டதும் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். காலை ஏழரைக்கு மணி அடித்தால் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு வீடு வரும் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அங்கே கதவில் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை. வெள்ளைச் சீருடையில் அழுக்குப் பட்டால் நான் ஏசுவேன் என்ற பயம் வேறு. அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்தேன். “பொம்பளப் புள்ள அடக்கமா இருக்கணும்” என்று நானும் அவளுடைய அப்பாயியும் மாறி மாறிச் சொல்லித்தான் அவளை வளர்த்தோம். சத்தமாகச் சிரிக்காதே, நாலு பேர் முன்னால் அதைக் கேட்காதே, அந்த இடத்தைப் பற்றிப் பேசாதே. பிள்ளை நாங்கள் சொன்னதைக் கேட்டு நடந்தாள், அவ்வளவுதான்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் டீச்சர். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இப்போது பதினொரு வயது, சின்னவளுக்கு நான்கு. நான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பெண் பிள்ளையை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அவற்றில் சிலவற்றை என் அம்மா எனக்குச் செய்தார், சிலவற்றை நான் என் பிள்ளைக்குச் செய்தேன்.

முதலில் அந்தச் சிறுநீர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது. அதனால் கிருமி உள்ளே ஏறுவது சுலபம். அடக்கி வைத்தால் அது பெருக நேரம் கிடைக்கிறது. குளிர் ஊரில் தாகம் எடுக்காது, ஆகவே பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கலும் சேர்ந்தால் தொல்லை கூடும். சளி இல்லாத காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், கெட்ட வாடை, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை திடீரென்று மறுபடி நனைப்பது, இதில் எதைப் பார்த்தாலும் பரிசோதிக்க வேண்டும். படுக்கையை நனைத்ததற்காக அடிப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மருந்து கொடுத்தால், இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. டாக்டர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவப் பழக்குங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போகச் சொல்லுங்கள். அப்புறம் பாடசாலைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுங்கள். நானும் இன்னும் மூன்று அம்மாமாரும் போனோம். ஒரு வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. இரவில் வீட்டுக்கு வெளியே இருக்கும் கக்கூசுக்குத் தனியே போகப் பயந்து அடக்கும் பிள்ளைகளும் உண்டு. “இந்நேரத்தில் என்ன?” என்று கேட்காமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள்.

கைக்குழந்தையாக இருக்கும்போது நடக்கும் தவறுகளை மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பிறந்த பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கலாம், ஒரு துளி பால்கூடக் கசியலாம். சிலருக்கு அணையாடையில் ஒரு சொட்டு இரத்தம் தெரியும். தாயின் உடலிலிருந்து வந்த ஹார்மோன்தான் காரணம், தானாக நின்றுவிடும். “பால் எடுத்து விடுகிறேன்” என்று மார்பைப் பிதுக்க யாரையும் விடாதீர்கள். சீழ் பிடித்துவிடும். பிறப்புறுப்பில் பவுடர் போடுவதும், கண்ணுக்குள் மை தீட்டுவதும் வேண்டாம். திருஷ்டிக்கு மனம் கேட்கவில்லை என்றால் உள்ளங்காலில் வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது பிளேன்டீ, பால் சேர்க்காத தேத்தண்ணி. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து இந்த மலைகளில் கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை நம் பெண்களுடையவை. நம் வீட்டில் விடியலே தேத்தண்ணியில்தான். அதனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்துக் கொடுக்கிறோம். வயிறு நிறைகிறது, பிள்ளையும் அழுவதில்லை. ஆனால் தேயிலைச் சாயத்தில் இருக்கும் பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. இரத்தச் சோகை உள்ள பிள்ளை சோர்ந்து சோர்ந்து உட்காரும், படிப்பில் மனம் நிற்காது. அதை நாம் சோம்பேறித்தனம் என்று ஏசுவோம். பெண் பிள்ளைக்குப் பின்னால் மாதவிடாய் தொடங்கும்போது இருக்கும் கொஞ்ச இரும்பும் குறையும். இரண்டு வயதுக்குள் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். கீரை, பருப்பு, நெத்தலி சமைக்கும் நாளில் தேசிக்காய் பிழிந்து விடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். அதில் இருக்கும் வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். இதோடு சேர்த்து ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது யாருடைய தட்டுக்குப் போகிறது? “தம்பி விளையாடுற புள்ள” என்று சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும். அக்காவும் வளர்கிற பிள்ளைதான்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஆளாவதைப் பற்றி அவள் ஆளான பிறகு பேசுவது மலையகத்தில் நான் அதிகம் காணும் தவறு. எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது. எங்கேயோ வெட்டுப்பட்டு உள்ளே அழுகிவிட்டது, சாகப்போகிறேன் என்று நினைத்துப் பாடசாலைப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இப்போது ஒன்பது, பத்து வயதிலேயே சில பிள்ளைகளுக்கு வருகிறது. ஆகவே எட்டு வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பிக்கலாம். நான் மூத்தவளிடம் துணி துவைக்கும்போது சொன்னேன். “அம்மாவுக்கு மாசாமாசம் வரும், உனக்கும் ஒருநாள் வரும், வலிக்கலாம், ஆனா அது காயம் இல்ல.” அவள் கேட்ட முதல் கேள்வி, “அப்பாவுக்கு வராதா?” சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். புத்தகப் பையின் உள் அறையில் ஒரு பேட், ஒரு உள்ளாடை, ஒரு பை வைத்திருக்கிறாள். இன்னும் தேவைப்படவில்லை.

துணி பாவிக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். துணி பாவிப்பதில் குற்றமில்லை, ஒளித்துக் காய வைப்பதில்தான் இருக்கிறது. நம் ஊரில் மழை பிடித்தால் நாள் கணக்கில் வெயில் வராது. அண்ணன் தம்பி கண்ணில் படக்கூடாது என்று பாவாடைக்கு அடியில் போட்டால், அந்தத் துணி ஈரத்தோடுதான் இருக்கும். மறுபடி கட்டினால் அரிப்பு, புண், தொற்று. சவர்க்காரம் போட்டு அலசி, வெயில் இருந்தால் வெயிலில் போடுங்கள். இல்லாத நாளில் அடுப்படி வெப்பத்தில் நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்திரிக்கைப் பெட்டி தேய்த்து மடித்துக் கொடுங்கள். வீட்டு ஆண்கள் பார்த்துவிட்டால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

சடங்கைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். எனக்குச் சடங்கு பிடிக்கும். தாய்மாமன் சீர், பட்டுப் பாவாடை, பெரியவர்கள் கையால் தலைக்குத் தண்ணீர், எல்லாமே அழகுதான். வட்டிக்கு வாங்கி மண்டபம் எடுப்பதையும், பிள்ளையை வாரக்கணக்கில் பாடசாலைக்கு அனுப்பாமல் மூலையில் உட்கார வைப்பதையும்தான் தவறு என்கிறேன். உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள், முட்டையை மட்டும் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி தவறித்தான் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து போனாலோ, எட்டு வயதுக்கு முன்னாலேயே மார்பு வளரத் தொடங்கினாலோ, பதினைந்து வயது முடிந்தும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசிக்கான கடிதம் வரும். 2017 முதல் இலங்கையில் இது இலவசமாகப் போடப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. பிள்ளைப்பேறு தடைபடும் என்று ஒரு பேச்சு லயத்துக்கு லயம் நடக்கிறது. அதில் உண்மை இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எழுதவே மனம் கூசும் ஒன்று இருக்கிறது. கூசுவதால்தான் அது நடக்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் அம்மா, கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விடுவார். ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளை பாடசாலை விட்டு வந்து, அம்மா வரும் வரை யாரோடு இருக்கிறாள்? லயத்தில் அடுத்த காம்பரா (அறை) மாமா, சித்தப்பா, கடைக்கார அண்ணன் என்று எல்லோரும் தெரிந்தவர்கள்தான். பிள்ளைகளைத் தொட்டுக் கெடுப்பவர்களும் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். “மாமாவுக்கு முத்தம் குடு, மடியில உக்காரு” என்று பிள்ளையை வற்புறுத்தும்போது, தனக்குப் பிடிக்காத தொடுகையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாமே பறித்துவிடுகிறோம். என் சின்னவள் இப்போது கும்பிட்டு வணக்கம் சொல்வாள், அதற்கு மேல் அவள் இஷ்டம். முதலில் உறவுக்காரர்கள் முகம் சுருங்கியது. பிறகு பழகிவிட்டது.

உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளையால் முறையிட முடியாது. அவள் வந்து ஒன்றைச் சொன்னால், “நீ ஏன் அங்க போன?” என்பது நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்கக்கூடாது. அதோடு பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். “சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல” என்று சொல்லுங்கள். அப்புறம், மானம் போகும் என்று தோட்டத் தலைவரையும் நாலு பெரியவர்களையும் வைத்துப் பேசி முடிக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவும் இருக்கிறது.

படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 16 வயது வரை பாடசாலை கட்டாயம், 2021 முதல் பொதுவாக வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16தான், வீட்டு வேலைக்கு இப்போது 18. “நல்ல வீடு, நல்லா பார்த்துக்குவாங்க” என்று யார் வந்து சொன்னாலும் அந்த வீட்டுக் கதவு மூடிய பிறகு உங்கள் பிள்ளை யாரிடம் பேசுவாள் என்று யோசியுங்கள். நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “கறுப்பி” என்று செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள். அந்தப் பெயரைச் சுமந்த பிள்ளைகள்தான் பதினான்கு வயதில் பாதரசம் கலந்த வெள்ளை க்ரீமைத் திருட்டுத்தனமாக வாங்கிப் பூசுகிறார்கள்.

இவ்வளவு கவலையையும் எழுதிவிட்டு, பெண் பிள்ளை வீட்டில் இருக்கும் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநியாயம். மழை தகரத்தில் அடிக்கும்போது கொலுசோடு அறைக்கும் அடுப்படிக்கும் ஓடுவாள் என் சின்னவள். சீனிப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, “நான் மலைக்குப் போறேன், பத்து கிலோ எடுத்துட்டு வர்றேன்” என்பாள். உடனே பையைக் கழற்றிவிட்டு டீச்சராகி எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். மூத்தவள் தலை பின்னும்போதுதான் மனம் திறப்பாள். முகம் பார்க்காமல் பேச அது வசதி. அந்தப் பத்து நிமிடத்தில் போனைத் தொடக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டேன். தாழ்ப்பாள் வந்த செய்தியை அப்படித்தான் சொன்னாள்.

அப்பாமார் செய்யும் ஒரு தவறும் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல் செய்வது. மகளுக்குப் பத்து வயதானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்விடுவார்கள். தோளில் தூக்கி வைத்துத் திருவிழா காட்டிய மனிதர், இப்போது எதையும் “அம்மாகிட்ட கேளு” என்று முடித்துவிடுவார். கொழும்பில் கடை வேலையாக இருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருபவர்கள் என்றால் இன்னும் தூரம். அவள் தன்னிடம் ஏதோ குற்றம் என்று நினைத்துக்கொள்வாள். என் கணவரும் அப்படித்தான் விலகத் தொடங்கினார். நான் கேட்டதும், எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை என்றார். மறுநாள் காலை எனக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டியிருந்தது, சீப்பை அவர் கையில் கொடுத்துவிட்டேன். முற்றத்துப் படியில் மகளை உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல மூன்று பிரி பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரட்டைப் பின்னல் போட்டார். ஒரு பின்னல் மற்றதைவிட இரண்டு விரல் உயரம். நான் சரி செய்யப் போனேன். “விடுங்கம்மா, அப்பா போட்டது” என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.