பின் டேம்பர் நாப்புக்காக காருக்குள் ஓட்டை போடும் முன்

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாகச் சேர்ந்த சஸ்பென்ஷன்) வாங்கி மாட்டியாயிற்று. முன்பக்கம் ஒரு தொல்லையும் இல்லை, பானட்டைத் தூக்கினால் டேம்பர் நாப், அதாவது ஷாக் அப்சார்பரின் கெட்டித்தன்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகு, கண்ணெதிரே நிற்கும். பின்பக்கம்தான் வம்பு. நிஸான் 350 இசட் மாதிரியான கூப்பேயில் டேம்பரின் தலை, இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் டிரிம்முக்கு (உள்புற உறைக்கு) அடியில் ஒளிந்திருக்கும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் அது டிக்கிக்குள், லைனிங்குக்குப் பின்னால். டெய்ன் போன்ற ஜப்பானியக் கம்பெனிகளே சில கார்களுக்கு, நாப்பைத் திருக உள் டிரிம்மில் கை வைக்க வேண்டிவரும் என்று பட்டியலிலேயே குறித்துவிடுகின்றன. அதைப் படித்த கையோடு டிரில்லை எடுப்பவர்கள்தான் அதிகம்.

அங்கேதான் முதல் தவறு. வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுபவருக்கு ஓட்டை எதற்கு? கிளிப் நான்கைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. டிராக்கில் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நாப்பை இரண்டு கிளிக் (திருகும்போது விரலுக்குத் தெரியும் படி) கூட்டிக் குறைப்பவருக்குத்தான் ஓட்டை தேவை. அவர்களும் அசல் டிரிம்மைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, பழைய உதிரிபாகக் கடையில் இன்னொன்று வாங்கி அதில் வெட்டுவது நல்லது. நாளைக்கு காரை விற்கும்போது அருமை தெரியும்.

சரி, வெட்டத்தான் போகிறோம். அளவெடுப்பதில் கோட்டை விடுபவர்கள் நிறைய. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் கழன்ற நிலையில், டிரிம்மை வைத்துக் குறி போடுவார்கள். அப்போது டேம்பர் முழுசாக நீண்டு, தொங்கும் பாகங்களின் எடை அதன் தண்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். டேம்பரை பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்ட் ரப்பர் என்றால் தண்டின் நுனி சில மில்லிமீட்டர் இறங்கியே இருக்கும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டேம்பரின் அடிமுனை சஸ்பென்ஷன் கையோடு (ஆர்ம்) சேர்ந்து நகர்வதால் தண்டின் சாய்வும் கொஞ்சம் மாறும். ஜாக்கியில் கச்சிதமாகப் பொருந்திய ஓட்டை, தரையில் இறக்கியதும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு குழியிலும் நாப் டிரிம்மை இடிக்கும். "டக் டக்" என்று பின்னாலிருந்து வரும் சத்தத்துக்கு புஷ் போய்விட்டதோ என்று மெக்கானிக்கிடம் ஓடுவார்கள்.

அதனால் நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் குறி போட வேண்டும். நான் செய்வது இது: தண்டின் தலையில் கொஞ்சம் களிமண்ணைக் கூம்பாகப் பிடித்துவைத்து, நுனியில் லிப்ஸ்டிக் தடவி, டிரிம்மை அதன் இடத்தில் அழுத்துவேன். எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டில் முதலில் 6 மி.மீ. ஓட்டை மட்டும். மறுபடி மாட்டி, டார்ச் அடித்து, தண்டு நடுவில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பெரிதாக்குவது. விரல் நுழைந்து திருக வேண்டுமென்றால் 50 மி.மீ. அளவுக்கு வேண்டும். நாப்பை எட்டும் இடத்துக்குக் கொண்டுவர டேம்பர் தலையில் மாட்டும் நீட்டுத் தண்டு போட்டால் 20 போதும்.

டிரிம்மை காரிலேயே வைத்துக்கொண்டு துளைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். டிரில் பிளாஸ்டிக்கைத் தாண்டிய அடுத்த நொடி எதில் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வயரிங் ஹார்னஸ் இருக்கலாம், சீட் பெல்ட் சுருள் இருக்கலாம். அந்தப் பழைய எம்எக்ஸ்-5-இல் டிக்கியின் இடப்பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் இறங்குகிறது, வலப்பக்கம் பேட்டரி. பேட்டரியிலிருந்து வாயு வெளியேற ஒரு சின்னக் குழாய் போகும். லைனிங்கை இழுக்கும்போது அது கழன்றால் யார் கண்ணுக்கும் படாது. பின்தூண் டிரிம்மைத் தொடும் வேலை என்றால் மஞ்சள் கனெக்டர் இருக்கிறதா பாருங்கள், அது ஏர்பேக். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் வரை (பொதுவாக ஒன்றரை முதல் மூன்று நிமிடம்) காத்திருந்துவிட்டுக் கை வையுங்கள்.

டிக்கி கார்பெட்டில் டிரில் வைப்பது தனி வேடிக்கை. ஒரு நண்பரின் காரில் நானே செய்தேன். பிட் ஒரு நூலைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது, நான் விரலை எடுப்பதற்குள் புடவைக் கரை பிரிந்த மாதிரி ஒரு முழ நீளத்துக்கு வரிவரியாய் உரிந்துவிட்டது. கார்பெட்டுக்கு டிரில்லே வேண்டாம். கத்தியால் பெருக்கல் குறி போல் கீறி, ஓரத்தை சால்டரிங் அயர்னால் லேசாகச் சுட்டால் நூல் பிரியாது. பழைய பிளாஸ்டிக் வேறு ரகம். இருபது வருஷ வெயில் தின்ற டிரிம் அப்பளம் மாதிரி. கழற்றும் முன் ஹேர் டிரையரால் கிளிப் பக்கம் சூடு காட்டுங்கள்.

சிலர் டிரிம்மோடு நிறுத்தாமல், நாப் எட்டவில்லை என்று டவரின் (டேம்பரின் தலை மாட்டியிருக்கும் பாடிப் பகுதியின்) இரும்புத் தகட்டையே வெட்டுகிறார்கள். மொத்த விசையும் வந்து இறங்கும் இடம் அது. வளையும் நீட்டுத் தண்டு கிடைக்கும்போது அந்த வேலை வேண்டாமே. மவுண்டின் மேலிருந்த ரப்பர் மூடியைத் தூக்கி எறிவதும் இதே ரகம்தான். தூசியும் சத்தமும் போக, புகைநெடியும் உள்ளே வர வழி திறந்துவிடுகிறீர்கள்.

நீட்டுத் தண்டைக் கூர்மையாக வளைத்தால் கிளிக் விரலுக்குத் தெரியாது. நீங்கள் திருகுவதில் பாதி தண்டு முறுக்கிக்கொள்வதிலேயே போய்விடும். அதைப் பிடித்திருக்கும் குட்டி அலென் ஸ்குரூவை முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்குங்கள். அது நழுவினால் நாப் சுற்றும், டேம்பர் சுற்றாது.

கிளிக்கை எண்ணுவதிலும் குழப்பம் உண்டு. டெய்னில் வலமாக முழுக்கத் திருகிய கெட்டி நிலைதான் பூஜ்யம், அங்கிருந்து இடமாக எண்ண வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், தாளைப் பாருங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், மேலும் அழுத்தித் திருகினால் உள்ளே ஊசி வால்வு கெடும்.

கடைசியாக ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி. அதன் உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடப்பக்கம் 8, வலப்பக்கம் 8 என்று அன்றைக்கு வைத்த எண்ணை எழுதிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.