மலைப்பூண்டு தளத்துக்கு ஆள் வந்த வழி

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் விளையும் மலைப்பூண்டை விற்க இணையதளம் தொடங்கினோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இணையதளங்களை வகைவாரியாகப் பட்டியலிடும் நூற்றுக்கணக்கான இணைய டைரக்டரிகளில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பணம் கேட்டார், மறுத்துவிட்டேன். அப்படிப்பட்டவற்றில் பெயர்பெற்ற யாகூ டைரக்டரி 2014-லும் டிமாஸ் (DMOZ) 2017-லும் மூடப்பட்டன. மிச்சமிருப்பவற்றில் பலவற்றை மனிதர்கள் திறப்பதே இல்லை. தேடல் தரவரிசைக்காகக் காசு கொடுத்துக் குவிக்கும் இணைப்புகளை கூகுள் ஸ்பேம் என்றே சொல்கிறது.

முதலில், கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைப் பதிந்தேன். பெயர், முகவரி, போன் எண் எல்லாம் தளத்தில் உள்ளபடியே. அப்புறம் வேளாண் பொருள் பட்டியல்கள், கொடைக்கானல் சுற்றுலாத் தளங்கள் என, வாங்குகிறவர்கள் நிஜமாகப் பார்க்கும் இடங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் விவரத்தைப் புதிதாக எழுதினேன்; கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை முதல் வரியிலேயே போட்டேன். இப்போது மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆர்டர் வருகிறது.