ஹாம்ப்ரோவை ‘அதிபர்’ ஆக்காதீர்கள்

சி. ஜே. ஹாம்ப்ரோ பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு திருத்தத்துக்கு வந்தது. முதல் வரியிலேயே ‘நார்வேயின் முன்னாள் அதிபர்’ என்றிருந்தது. நார்வேக்கு ஏது அதிபர்? அங்கே மன்னராட்சி. ஸ்டோர்டிங் எனப்படும் நாடாளுமன்றத்தை நடத்துபவரைத்தான் அவர்கள் ‘பிரசிடென்ட்’ என்கிறார்கள்; நம் கணக்கில் சபாநாயகர். ஹாம்ப்ரோ 1926இல் அந்த நாற்காலியில் அமர்ந்தார். நடுவில் சிறிது காலம் தவிர, 1945 வரை அது அவருடையதுதான்.

சரி, சபாநாயகர் என்று மாற்றியாயிற்று. உடனே அவரைக் கட்சி சாராதவர் ஆக்கிவிடக்கூடாது. 1928 முதல் 1934 வரை ஹோய்ரே என்ற பழமைவாதக் கட்சியின் தலைவரும் அவரே. அங்கே அது யாருக்கும் உறுத்தவில்லை. ஆளுங்கட்சிக்காரர் என்றும் எழுத வேண்டாம். 1940இல் ஆட்சியிலிருந்தது தொழிற்கட்சி, பிரதமர் யோஹான் நீகோர்ஸ்வோல்.

இது மனதில் இருந்தால்தான் 1940 ஏப்ரல் 9இன் கனம் தெரியும். அன்று ஜெர்மனி நார்வே மீது படையெடுத்தது. விடியற்காலையில் தலைநகர் ஒஸ்லோவை நோக்கி வந்த ஜெர்மன் போர்க்கப்பல் ப்ளூஹரை, ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் டார்பிடோக்களும் மூழ்கடித்தன. அதனால் கிடைத்தது சில மணி நேரம். மன்னர் ஏழாம் ஹாக்கோன், அமைச்சர்கள், எம்.பி.க்கள் என எல்லோரையும் தலைநகரை விட்டுக் கிளப்பியதில் ஹாம்ப்ரோவுக்குப் பெரிய பங்கு. காலை 7:23க்குச் சிறப்பு ரயில் வடக்கே உள்ள ஹாமார் நகருக்குப் புறப்பட்டது. அங்கே பிரதமர் ராஜினாமா செய்ய முன்வந்தார். எதிர்க்கட்சிக்காரர் தலைமையில் கூடிய சபை, நீங்களே தொடருங்கள் என்றது! அன்றிரவு எல்வெரூமில் அரசுக்கு முழு அதிகாரம் வழங்க ஹாம்ப்ரோ முன்மொழிய, சபை ஏற்றுக்கொண்டது. லண்டனில் இயங்கிய நாடுகடந்த அரசு அதை வைத்துத்தான் நின்றது. ஆனால் ஹாம்ப்ரோ அந்த அரசில் அமைச்சர் அல்ல. சுவீடன் வழியாக அமெரிக்கா போய், அங்கே நார்வேக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

பத்திரிகை விஷயத்தில் மிகைப்படுத்துவார்கள். அவர் ‘மோர்கென்ப்ளாடெட்’ ஆசிரியராக இருந்தது 1913 முதல் 1919 வரை, ஆறே ஆண்டுகள். நாடாளுமன்றத்திலோ 1919 முதல் 1957 வரை. பத்திரிகையின் பெயரை ‘காலை இதழ்’ என்று தமிழாக்கவும் வேண்டாம். ‘தி இந்து’வை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே.

கடைசியாக இனிஷியல். நம் பழக்கத்தில் ‘சி. ஜே.’ ஊரும் அப்பாவும், ‘ஹாம்ப்ரோ’ அவர் பெயர் என்று படித்துவிடுவோம். உண்மையில் கார்ல் யோவாகிம் என்பதே அவர் பெயர், ஹாம்ப்ரோ குடும்பப் பெயர். அதனால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. 1970இல் ஐ.நா. பொதுச் சபைக்குத் தலைமை வகித்தவர் அவர் மகன் எட்வர்ட் ஹாம்ப்ரோ. லண்டனில் 1839இல் ஹாம்ப்ரோஸ் வங்கியைத் தொடங்கியவரும் கார்ல் யோவாகிம் ஹாம்ப்ரோதான். படம் தேடும்போது அவர் முகமும் வந்து நிற்கும். அந்த வங்கிக்காரர் 1877இலேயே இறந்துவிட்டார். அவரை ஹாமார் ரயிலில் ஏற்றிவிடாதீர்கள்.