தனியாகப் படித்துத் தேர்வெழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் படித்தால் ஆசிரியர் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பார். தனியாகப் படிக்கிறவரைக் கேட்க ஆள் கிடையாது. அவர் செய்யும் தவறுகளில் பாதிக்குமேல் இதிலிருந்துதான் வருகின்றன.

பெரிய தவறு, திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொன்றை ஒரே முறை வாசித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை வாசித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. தேர்வு என்றைக்கும் ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே! அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் படியுங்கள். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, தப்பான விடைக்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு நகர்வது. இது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் பழக்கம், ஏனென்றால் மதிப்பெண் ஒளிந்திருப்பதே அங்கேதான். ஒரு கணக்கு: போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ. சராசரி வேகம் என்ன? சட்டென்று 50 என்று வரும். தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், ஆக 48. இதைப் பிழை நோட்டில் எழுதும்போது ‘அவசரப்பட்டேன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘சமமாக இருப்பது தூரமா, நேரமா என்று பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். அடுத்த முறை வேறு எண்களோடு அதே கணக்கு வரும்போது கைகொடுப்பது இந்த வரிதான்.

சிலபஸ் முழுக்க முடிந்த பிறகுதான் மாதிரித் தேர்வு என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத்திலேயே ஒன்றை, டைமர் வைத்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதிவிடுங்கள். மதிப்பெண் குறைவாக வந்தால் வரட்டும். எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, மதிப்பெண் விதியைப் படிக்காமல் போவது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதை 2016-ல் நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட தேர்வில் ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக்கூடாது. வேறொரு தேர்வில் நான்கு விடைகளில் ஒன்று சரி, தவறினால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக ஒதுக்க முடிந்தாலே குறிப்பதில் லாபம் உண்டு. மாதிரித் தேர்வில், ஊகித்துக் குறித்த விடைகளுக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். திருத்தும்போது அந்தப் புள்ளிகளில் எத்தனை சரி என்று தனியாக எண்ணினால், உங்கள் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.